ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் நாலு பொறுப்பு: எதை விடுவது?

தண்டையார்பேட்டை தம்பி | ஞாயிறு, இரவு 11.10

இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். கால்கூடக் கழுவவில்லை, இதை எழுதிவிட்டுத்தான் மற்றது என்று உட்கார்ந்துவிட்டேன். நம்ம பக்கத்து ஆட்கள் யாராவது யோசனை சொல்லுங்கள்.

காலை 6 மணிக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கும் காபிக் கடை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருக்கிற நாங்கள் நாலு பேர் பன்னிரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் அங்கே கூடுகிறோம். ஒருவன் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வருவான். இன்னொருவன் காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்த பிறகு ஆறரைக்கு வருவான், ஐஸ் பெட்டி தூக்கின கை அப்போதும் சில்லென்று இருக்கும். டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குடிக்காமலே நிற்பான். கடைக்காரர் எங்களுக்கென்று முதல் டிகாஷனில் நாலு காபிக்கு எடுத்து வைத்துவிடுவார். ஏழு மணிக்கு மேல் போனால் இரண்டாவது டிகாஷன்தான்.

இன்று நான் அங்கே நின்றது பத்து நிமிஷம். எட்டு மணிக்குச் சமூக நலக்கூடத்தில் ரத்த தான முகாம், அதற்கு முன்னால் நாற்காலி இறக்க வேண்டும், பந்தல்காரருக்குப் போன் போட வேண்டும். மதியம் 2 மணிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு. 5 மணிக்கு வியாசர்பாடியில் கேரம் பயிற்சி, சாவி என்னிடம்தான் இருக்கிறது. 8 மணிக்கு எங்கள் தெரு நலச்சங்கக் கூட்டம், மழைக்கு முன்னால் வடிகால் தூர் வாருவது பற்றி. அது முடிய பத்தே முக்கால்.

வரும் வழியில் போனைத் திறந்தால் குரூப்பில் காசிமேட்டுக்காரன் போட்டிருக்கிறான்: "மச்சான், வர்ற வாரத்துல இருந்து மீஞ்சூர்டா. வாடகை கட்டுப்படியாகல. காலைல சொல்லலாம்னு வந்தேன், நீ கெளம்பிட்டே."

பன்னிரண்டு வருஷம். எனக்கு நேரில் சொல்ல வந்தவனுக்கு இருபது நிமிஷம் நான் இல்லை.

ஒன்றைக் குறைக்கத்தான் வேண்டும். எதைக் குறைக்க என்றுதான் தெரியவில்லை.

ராயபுரம் பெரியவர் | ஞாயிறு, இரவு 11.42

தம்பி, முதலில் சாப்பிட்டீர்களா? சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

நான் ரயில்வேயில் முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு சங்கம், கோயில் கமிட்டி, முதியோர் மன்றம் என்று எல்லாவற்றிலும் பெயர் கொடுத்தேன். மூன்றே வருஷத்தில் எனக்கு நண்பர்கள் என்று யாரும் இல்லை, உறுப்பினர்கள் மட்டும் இருந்தார்கள். அதனால் சொல்கிறேன்: காபியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

என் அப்பா பின்னி மில்லில் இருந்தார், பக்கிங்காம் கர்நாடிக் மில். பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலை பார்த்த காலம் அது. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள் இல்லையா, இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது, அது அந்த மில் ஆட்களால் வந்ததுதான். அதற்குத் தலைமை ஏற்ற வாடியாவையும் திரு.வி.க.வையும் எல்லோருக்கும் தெரியும். அவர்களைத் தேடிப்பிடித்துக் கூட்டி வந்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். இரண்டு பேரும் வியாபாரிகள், மில்லில் வேலை பார்த்தவர்கள் இல்லை. தொழிலாளிகள் தங்கள் கஷ்டத்தைப் போய்ச் சொல்கிற அளவுக்கு அவர்களோடு பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கம் இருந்ததால்தான் சங்கம் வந்தது. மில் 1996-ல் மூடிவிட்டது. அப்பா கடைசி வரைக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த நண்பர்களோடு டீக்கடைக்குப் போனார்.

உங்கள் முகாமுக்கு வேலை செய்ய வருகிறவர்கள் யார்? அந்தக் காபிக் கடை ஆட்கள்தான் என்று நினைக்கிறேன். சரியா?

தண்டையார்பேட்டை தம்பி | ஞாயிறு, இரவு 11.55

சரிதான் ஐயா. யார்டுக்காரன் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்தே நாற்காலி இறக்கினான்.

சாப்பிட்டேன். அடை வைத்திருந்தார்கள், ஆறிப்போயிருந்தது.

வார்டு நர்ஸ் | திங்கள், காலை 6.20

முகாமைப் பற்றி மட்டும் பேசுகிறேன், எனக்குத் தெரிந்த வேலை அதுதான். எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள், எத்தனை பேர் கொடுக்க முடிந்தது?

தண்டையார்பேட்டை தம்பி | திங்கள், காலை 6.50

பெயர் கொடுத்தவர்கள் 44, வந்தவர்கள் 37, கொடுத்தவர்கள் 21. மீதி பதினாறு பேரைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் அம்மாவும் அதில் ஒருவர். மூன்றாவது முகாமாக ஹீமோகுளோபின் குறைவு என்று திரும்பி வந்துவிட்டார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, ஊசி குத்தின விரலில் ஒட்டின பஞ்சைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். ஒன்றும் பேசவில்லை.

வார்டு நர்ஸ் | திங்கள், பிற்பகல் 3.15

டியூட்டி முடிந்தது. இப்போது விவரமாக எழுதுகிறேன், அடுத்த முகாம் நடத்துகிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும்.

வயது 18 முதல் 65. எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே அளவுதான். போன முறை கொடுத்ததிலிருந்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆகியிருக்க வேண்டும். பச்சை குத்தியிருந்தால் ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். நம்ம பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் இதில்தான் திரும்பிப் போகிறார்கள். வெறும் வயிற்றில் வரக்கூடாது. ராத்திரி தூங்காதவர்கள் வரக்கூடாது. உங்கள் யார்டு நண்பர் நாற்காலி இறக்கட்டும், படுக்கையில் படுக்க வேண்டாம்.

இதெல்லாம் முகாம் அன்று காலையில் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கும்போது சொல்கிற விஷயம் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு இரண்டு நிமிஷம் பேசினால் அந்தப் பதினாறில் பாதிப் பேருக்கு அலைச்சல் மிச்சம். நீங்கள் ஞாயிறு காலை ஆறு பத்துக்குக் காபியை வைத்துவிட்டு ஓடியதும், சனிக்கிழமை செய்யாமல் விட்ட வேலையால்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி.

அம்மாவுக்கு ஒரு விஷயம். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்கிற பழக்கம் இருக்கிறதா? சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் ஒட்டுவது குறைந்துபோகும். ஒரு மணி நேரம் விட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை, சுண்டல் சாப்பிடும்போது கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் நல்லது. மூன்று முகாமில் தொடர்ந்து குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால் கீரையோடு நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டி ஏன் குறைகிறது என்று பாருங்கள். ரத்தம் கொடுக்க முடியவில்லை என்று அவர் வருத்தப்படுகிறார். அவருக்கே ரத்தம் குறைவாக இருக்கிறது என்பதை வீட்டில் யாராவது கவனித்தீர்களா?

தண்டையார்பேட்டை தம்பி | திங்கள், பிற்பகல் 3.40

இல்லை அக்கா. கவனிக்கவில்லை. இந்த வாரமே கூட்டிப்போகிறேன்.

காலடிப்பேட்டை | திங்கள், இரவு 9.05

இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. காபி, முகாம், கணக்கு வகுப்பு, கேரம், கூட்டம் என்று அடுக்கியிருக்கிறீர்கள். அந்த அடை யார் வார்த்தது? காலை ஐந்தரைக்கு நீங்கள் கிளம்பி ராத்திரி பதினொன்றுக்கு வந்தால் வீட்டில் தண்ணீர் பிடித்தது யார், குழந்தை இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டது யார்?

என் வீட்டுக்காரரும் பொதுக்காரியம் என்றால் முன்னால் நிற்பவர்தான். நல்ல மனுஷன், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பொதுக்காரியம், எனக்கு இன்னொரு திங்கட்கிழமை. எனக்கும் தோழிகள் இருக்கிறார்கள். டி.எச். ரோட்டில் மெட்ரோ வந்து, 2021-லிருந்து விம்கோ நகர் வரைக்கும் ஓடுகிறது. ஒரு ஞாயிறு ஏறி வண்ணாரப்பேட்டை போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம் என்று மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எதை விடுவது என்று கேட்டால், யாரிடமும் கேட்காமல் நீங்கள் ஏற்றுக்கொண்டது எது என்று பாருங்கள். அதை விடுங்கள்.

தண்டையார்பேட்டை தம்பி | திங்கள், இரவு 10.30

அக்கா, பதில் எழுத ஒரு மணி நேரம் ஆனது. அடை என் மனைவி வார்த்தது. மகளுக்கு ஐந்து வயது. தண்ணீர் லாரி நேற்றுக் காலை வந்திருக்கிறது, ஆறு குடம் அம்மாவும் மனைவியும் தூக்கியிருக்கிறார்கள். முகாமில் திரும்பி வந்த அம்மா. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

யாரிடமும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது கேரம் சாவி. போன வருஷம் ஒருவர் வேலை மாறிப் போனார், நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வியாசர்பாடி ஸ்ட்ரைக்கர் | செவ்வாய், காலை 7.30

அண்ணா, உங்களை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், பெயர் சொல்லவில்லை. அந்தச் சாவியை விடுவது பற்றி நான் பேசலாமா?

நம்ம பக்கம் கேரம் என்றால் பொழுதுபோக்கு இல்லை. மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன், 1996-ல் அர்ஜுனா விருது வாங்கியவர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வடசென்னைப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் பயிற்சிக்கு ஒன்பது பெண் பிள்ளைகள் புதிதாக வந்தார்கள். இரண்டு பலகைதான் இருந்தது. மூன்றாவது பலகைக்குத் தெருவில் வசூல் செய்தோம்.

பிள்ளைகள் நாலே முக்காலுக்கே படியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கதவு ஐந்துக்குத் திறக்க வேண்டும், பலகையைத் துடைத்து பவுடர் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஞாயிறன்று நீங்கள் ஐந்தே முக்காலுக்கு வந்தீர்கள் என்று என் தங்கை சொன்னாள். வந்தும் ஓரமாக உட்கார்ந்து போனில் பந்தல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். அவள் ஒரே டர்னில் ராணியையும் போட்டு, அடுத்த காயையும் போட்டு கவர் செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாளாம், நீங்கள் பார்க்கவில்லை. அவளுக்கு வயது பதினொன்று. வீட்டுக்கு வந்து அதை மட்டும்தான் சொன்னாள்.

சாவியை எனக்குக் கொடுங்கள் அண்ணா. நான் கல்லூரி இரண்டாம் வருஷம், ஞாயிறு சாயங்காலம் எனக்கு வேறு வேலை இல்லை. நீங்கள் மாதம் ஒரு தடவை வந்து பிள்ளைகள் ஆடுவதை உட்கார்ந்து பாருங்கள், போதும்.

தண்டையார்பேட்டை தம்பி | செவ்வாய், காலை 8.10

தம்பி, இன்று சாயங்காலம் சாவி உன் கையில் இருக்கும். உன் தங்கையிடம் நான் வந்து பேசுகிறேன்.

கொருக்குப்பேட்டை கால்வாய் | செவ்வாய், இரவு 8.20

தெருக் கூட்டத்தை விட்டுவிடுங்கள் என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் நான் வந்துவிடுகிறேன். விடக்கூடாது. இப்போது செப்டம்பர். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிடும். கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நாலா, கொடுங்கையூர் கால்வாய் எல்லாம் பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போக வேண்டும். அங்கே மட்டம் ஏறிவிட்டால் நம் தெருத் தண்ணீர் போக இடமில்லாமல் நிற்கும். தெருவில் வண்டல் தொட்டி எத்தனை இருக்கிறது, எந்த மூடி உடைந்திருக்கிறது என்பது தெருக்காரனுக்குத்தான் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டுக்குள் மூன்று நாள் தண்ணீர். வடக்கே எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வீட்டுச் சுவரில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. வலை, படகு எல்லாம் பாழ். அதைப் பார்த்தவர்கள் யாரும் மழைக்கு முந்தின கூட்டத்தைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் இரண்டே முக்கால் மணி நேரம் எதற்கு? நாங்கள் கூட்டத்தை நின்றுகொண்டே நடத்துகிறோம். ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் கூடி, நடந்துகொண்டே ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்து, போட்டோ எடுத்து, மாநகராட்சிக்குப் புகார் எண் வாங்கிவிட்டுக் கலைந்துவிடுவோம். முக்கால் மணி நேரம். நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போன வருஷத்துச் சண்டையெல்லாம் கூடவே வந்து உட்காரும்.

கணக்கு வாத்தியார் | செவ்வாய், இரவு 9.00

பத்தாம் வகுப்பை விடாதீர்கள் என்பது என் பங்கு. அது ஒன்றுதான் ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் பாதிப் பிள்ளைகள் வராமல் போகிற வேலை.

எண்ணூர் லோக்கல் | செவ்வாய், இரவு 10.15

எல்லோரும் ஞாயிறை அடுக்கிக்கொடுத்துவிட்டீர்கள், மீஞ்சூருக்குப் போகிற நண்பரை யாரும் பேசவில்லையே.

மீஞ்சூர் தூரம் இல்லை தம்பி. நான் தினமும் அந்தக் கும்மிடிப்பூண்டி லைனில்தான் போகிறேன், வருகிறேன். மீஞ்சூர், நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர், எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர். அவர் வேலை இன்னும் காசிமேட்டில்தானே? அப்படியென்றால் ஏலம் முடிந்து வீடு திரும்பும்போது இந்த வழியாகத்தான் போக வேண்டும். விம்கோ நகரில் லோக்கல் ஸ்டேஷனிலிருந்து மெட்ரோ நடக்கிற தூரம். நீங்கள் மூன்று பேரும் மெட்ரோவில் வாருங்கள், அவர் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த வண்டி பிடிக்கட்டும். விம்கோ என்ற பெயர் தீப்பெட்டிக் கம்பெனியால் வந்தது, என் தாத்தா அங்கே பெட்டி ஒட்டியிருக்கிறார், அதனால் எனக்கு அந்த ஸ்டேஷன் மேல் ஒரு பாசம்.

ஒன்று மட்டும். அங்கே நல்ல டீ கிடைக்கும். ஃபில்டர் காபிக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

ராயபுரம் பெரியவர் | செவ்வாய், இரவு 10.40

டிகாஷன் ராத்திரியே இறக்கி வைத்தால் காலைக்குத் தாங்கும். ஃபில்டரில் தூளை அழுத்தாமல் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஒரே தடவையில் கொட்டாமல் சுற்றி ஊற்றி விட்டுவிட வேண்டும். பாலை அங்கே காய்ச்சிக்கொள்ளலாம்.

தண்டையார்பேட்டை தம்பி | அடுத்த ஞாயிறு, பிற்பகல் 1.05

வகுப்புக்குக் கிளம்புவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

அம்மாவை வியாழக்கிழமை கூட்டிப்போனேன். ரத்தசோகைதான். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும் என்றதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

தெருக் கூட்டத்தை நடைக் கூட்டமாக மாற்றலாம் என்று சொன்னேன். இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். கேரம் சாவி கைமாறிவிட்டது. தங்கச்சியிடம் போய் உட்கார்ந்து இரண்டு போர்டு ஆடினேன், இரண்டிலும் என்னை ஜெயித்துவிட்டாள்.

காலடிப்பேட்டை அக்கா, அடுத்த ஞாயிறு காலை என் மனைவி அவள் தோழிகளோடு போகிறாள், மகள் என்னோடு. உங்கள் காபி என்ன ஆனது என்று நீங்களும் இங்கே எழுத வேண்டும்.

இன்று காலை, விம்கோ நகரில் இறங்கு என்று மட்டும் அவனிடம் சொல்லிவிட்டு, நாங்கள் மூன்று பேரும் பழைய கடைக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கைக் கழுவி எடுத்து வந்தார். முதல் டிகாஷனை அதில் ஊற்றி, மூடியைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "தூக்கை மட்டும் திருப்பிக் கொண்டாந்துருங்க" என்றார். மெட்ரோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். தியாகராயா கல்லூரி ஸ்டேஷன் தாண்டுவதற்குள் பெட்டியெல்லாம் காபி வாசம், எதிரே இருந்த அம்மா என்னப்பா அது என்று கேட்டார்.

விம்கோ நகரில் ஸ்டேஷன் வாசலில் ஒரு டீக்கடை. அக்காவும் அண்ணனும் நடத்துகிறார்கள். பால் மட்டும் காய்ச்சிக் கொடுங்கள், டம்ளருக்குக் காசு தருகிறோம் என்றோம். அந்த அக்கா தூக்கைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இதுக்கு டீப்பால் ஆவாது, இருங்க" என்று தனியாக ஒரு பாக்கெட்டை உடைத்துத் தண்ணீர் விடாமல் காய்ச்சினார்.

அவன் ஏழு மணி வண்டியில் இறங்கினான். எங்களைப் பார்த்துவிட்டு நடைமேடையிலேயே நின்றுவிட்டான். கையில் ஒரு கவரில் நெத்திலி. டம்ளரை வாங்கி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். இரண்டு வண்டியை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினான்.

நெத்திலியில் பாதியை அந்த டீக்கடை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தோம். தூக்கு இப்போது யார்டுக்காரனிடம் இருக்கிறது, அடுத்த ஞாயிறு ஐந்தரைக்கு அவன்தான் கடைக்குப் போக வேண்டும்.